போர்ட்டல்ல ரிசல்ட் ஒளிஞ்சிருக்கா? மார்ச் மாசம் காத்திருக்கிற ஒரு அம்மாவுக்குப் பதில்

கேள்வி:

வணக்கம் மேடம். நாங்க நியூஜெர்சி எடிசன்ல இருக்கோம், பொண்ணு பன்னெண்டாவது. பிரின்ஸ்டனுக்கு ஏர்லில போட்டு டிசம்பர்ல டெஃபர் ஆயிடுச்சு, அதாவது முடிவை மார்ச்சுக்குத் தள்ளி வச்சுட்டாங்க. ரட்கர்ஸும் பர்டூவும் கிடைச்சிருக்கு. எம்ஐடி, கார்னெல், பென், கார்னகி மெலன், பெர்க்லி எல்லாம் மார்ச்ல தான் வரும். பிப்ரவரில இருந்து வீடு வீடா இல்ல. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து அப்ளிகேஷன் நிலையைக் காட்டற காலேஜ் போர்ட்டலை ஒவ்வொண்ணா ரிஃப்ரெஷ் பண்ணிட்டு இருக்கா. ஒண்ணுல ஃபைனான்சியல் எய்டுன்னு இருந்த லைன் காணோம்னு அன்னிக்கு முழுக்க சாப்பிடல. கூடப் படிக்கிற பையனுக்கு இடம் உண்டுன்னு முன்கூட்டியே சொல்ற லைக்லி லெட்டர் வந்துடுச்சாம், தனக்கு வரலன்னா அவ்ளோதான்ங்கறா. பேஜோட கோடுக்குள்ள போய்ப் பாத்தா ரிசல்ட் தெரியும்னு ஒரு ஃப்ரெண்டு வேற ஏதோ அனுப்பியிருக்கா. திருச்சில எங்க அம்மா ஜாதகம் பாத்துட்டு ஏப்ரலுக்கு மேல தான் நல்ல நேரம்னு போன்ல சொன்னதை இவ கேட்டுட்டா. முன்னாடியே தெரிஞ்சுக்க உண்மையிலயே ஏதாவது வழி இருக்கா? நான் அட்மிஷன் ஆபீஸுக்கு போன் பண்ணிக் கேக்கலாமா? நானும் ஆபீஸ்ல உக்காந்து அவ பாஸ்வேர்டைப் போட்டுப் பாத்துட்டு தான் இருக்கேன்.

பதில்:

வணக்கம் சகோதரி. காலேஜ் கவுன்சலிங் வேலையில இருக்கறதால ஒவ்வொரு மார்ச்லயும் இதே மாதிரி வீடுகளைப் பாக்கறேன், உங்க வீட்ல மட்டும் நடக்கற விஷயம் இல்ல இது. பசங்க இதுக்கு போர்ட்டல் அஸ்ட்ராலஜின்னே பேர் வச்சிருக்காங்க. பேஜ்ல ஒரு வரி மறைஞ்சா அட்மிட், ஒரு டேப் புதுசா வந்தா ரிஜெக்ட், அட்ரஸ் சரி பாருங்கன்னு மெயில் வந்தா பெரிய கவர் அனுப்பப் போறாங்கன்னு அர்த்தம், இப்படி ஒரு தனி சாஸ்திரமே ஓடிட்டு இருக்கு.

முதல் கேள்விக்கு நேரா வந்துடறேன். நிஜமான முன்னறிவிப்புன்னு சிலது இருக்கு, அதெல்லாம் காலேஜே உங்க பொண்ணு பேரைப் போட்டு எழுத்துல அனுப்பறது. அவளா தோண்டித் தோண்டிக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவுமே அறிகுறி இல்ல. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் அவ மனசுல பதிய வச்சுட்டீங்கன்னா பாதி ராத்திரி தூக்கம் திரும்பி வந்துடும்.

அந்த ஃபைனான்சியல் எய்டு லைன் ஏன் காணாம போகுது? நிறைய காலேஜ் இப்ப ஸ்லேட்னு ஒரே சாஃப்ட்வேர்ல தான் போர்ட்டல் நடத்தறாங்க. எல்லா அப்ளிகன்ட்டுக்கும் ஒரே டெம்ப்ளேட், அதுல அவங்கவங்க ஃபைலுக்கு ஏத்த மாதிரி சில லைன் தெரியும், சிலது தெரியாது. டாக்ஸ் பேப்பர் வந்து சேந்தா செக்லிஸ்ட்ல ஒரு லைன் போயிடும், யாரோ ஒருத்தர் செட்டிங்கை மாத்தினா எல்லாருக்கும் போயிடும், ரிசல்ட் நாளுக்கு முன்னாடி பேஜை டெஸ்ட் பண்ணுவாங்க அப்பவும் ஏதாவது மாறும். ஒரு மாற்றம் கூட முடிவோட சம்பந்தப்பட்டது இல்லன்னு சத்தியம் பண்ண மாட்டேன், எப்பவாவது ஒண்ணு ரெண்டு இருக்கலாம். ஆனா வெளில உக்காந்து பாக்கற நமக்கு எது அந்த மாற்றம், எது சும்மா மாறினதுன்னு பிரிச்சுப் பாக்க வழியே கிடையாது, அப்படிப்பட்ட தகவலால யாருக்கும் பிரயோஜனமும் கிடையாது.

அப்ப ஏன் இது நிஜம் மாதிரியே தெரியுதுன்னு உங்க பொண்ணு கேப்பா, புத்திசாலிப் பொண்ணு, கண்டிப்பா கேப்பா. அவளுக்கு இப்படிச் சொல்லுங்க. லைன் மறைஞ்சது ஆயிரம் பேருக்கு, அதுல அட்மிட் ஆன அம்பது பேர் எனக்கும் இதே மாதிரி மறைஞ்சுது கிடைச்சிடுச்சுன்னு சந்தோஷத்துல எழுதுவாங்க, கிடைக்காத தொள்ளாயிரத்து அம்பது பேர் லேப்டாப்பை மூடிட்டு அழுதுட்டுப் போயிடுவாங்க, அவங்க எனக்கும் மறைஞ்சுது ஆனா கிடைக்கலன்னு வந்து எழுத மாட்டாங்க. அடுத்த வருஷம் தேடற குழந்தை கண்ணுல படறது அந்த அம்பது பேர் மட்டும் தான். நம்பர் சும்மா உதாரணத்துக்குச் சொன்னேன், கணக்கு இப்படித்தான் வேலை செய்யுது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அப்ளை பண்ணியிருக்கற பொண்ணா இருந்தா இது அவளுக்கு நீங்க சொல்றதுக்கு முன்னாடியே புரிஞ்சிடும்.

இன்னொண்ணு, மார்ச் முதல் வாரத்துல முடிவு முழுசா எடுத்து வச்சிருப்பாங்கன்னு நாம நெனைக்கறதே சரியில்ல. முதல்ல ஒவ்வொரு ஏரியாவுக்கும் பொறுப்பான ஆபீசர் ஃபைலைப் படிப்பாங்க, அப்புறம் கமிட்டி, அதுக்கப்புறம் கடைசி நாட்கள்ல மொத்தமா எத்தனை பேரை எடுத்திருக்கோம், எத்தனை பேர் வந்து சேருவாங்க, இஞ்சினியரிங்ல ஜாஸ்தியா, மியூசிக்ல கம்மியான்னு பாத்து பட்டியலைத் திருத்துவாங்க. அட்மிட் பக்கம் இருந்த ஃபைல் வெயிட்லிஸ்ட்டுக்குப் போறதும், அங்க இருந்தது இந்தப் பக்கம் வர்றதும் அந்தக் கடைசி நேரத்துல நடக்கறது உண்டு. ஆபீஸ்ல உள்ளவங்களே முடிவு பண்ணாத ஒண்ணை உங்க பொண்ணு ராத்திரி மூணு மணிக்கு எந்தப் பேஜ்ல போய்க் கண்டுபிடிப்பா? மூணு மணிக்கு யாரும் ரிசல்ட் போடறதும் இல்ல. தேதி, நேரம் ரெண்டையும் முன்னாடியே அறிவிச்சிடறாங்க. எம்ஐடி பல வருஷமா மார்ச் 14 அன்னிக்கு, பை மதிப்பு 3.14ங்கறதால பை டேன்னு சொல்லி, பெரும்பாலும் சாயங்காலம் 6:28க்கு விடறாங்க. பிரின்ஸ்டன், கார்னெல், பென் உள்பட ஐவி லீக்னு சொல்ற எட்டு பழைய பெரிய காலேஜும் மார்ச் கடைசில ஒரே நாள் சாயங்காலம் விடுவாங்க. தேதியை அறிவிச்சு மெயில் வந்ததும் அதை ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுங்க.

இப்ப அந்த கோடு விஷயம். இதுல மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன், தயவு செஞ்சு தொட வேண்டாம்னு சொல்லிடுங்க. 2005 மார்ச்ல என்ன நடந்துச்சுன்னு அவளுக்குக் கதையா சொல்லுங்க. பெரிய பெரிய பிசினஸ் ஸ்கூல்கள் அப்ளிகேஷன் வாங்கறதுக்கு அப்ளை யுவர்செல்ஃப்னு ஒரு கம்பெனியோட சைட்டை யூஸ் பண்ணிட்டு இருந்தாங்க. அட்ரஸ் பார்ல இருக்கற லிங்க்கை இப்படி இப்படி மாத்தினா உன் ரிசல்ட் முன்னாடியே தெரியும்னு யாரோ ஒருத்தர் வழி எழுதிப் போட்டுட்டார். சில மணி நேரத்துல அடைச்சிட்டாங்க, ஆனா அதுக்குள்ள நிறைய பேர் போய்ப் பாத்துட்டாங்க. பாத்தவங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சது வெறும் காலிப் பக்கம், சில பேருக்கு ரிஜெக்ட் லெட்டர். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் அப்படி எட்டிப் பாத்த 119 பேரையும் மொத்தமா நிராகரிச்சிடுச்சு, எம்ஐடி ஸ்லோனும் கார்னகி மெலனும் அதே முடிவு எடுத்தாங்க. அதுல நிச்சயமா கிடைக்க வேண்டிய சிலரும் இருந்திருப்பாங்க, ஒரு மாசம் பொறுத்திருந்தா சீட் கையில வந்திருக்கும். அது தப்பா, இல்ல வெறும் ஆர்வமான்னு அப்பவே பெரிய விவாதம் நடந்துச்சு, ஸ்டூடன்ட்ஸ் மேல அவ்ளோ கடுமை வேண்டாம்னு நெனைச்சவங்களும் உண்டு, எனக்கும் 119 பேரையும் ஒரே கத்தில வெட்டினது ஜாஸ்தின்னு தான் தோணுது. ஆனா முடிவு எடுக்கற அதிகாரம் காலேஜ் கையில இருக்கறப்ப அந்த விவாதத்துல ஜெயிச்சு நமக்கு என்ன ஆகப் போகுது? உங்க பொண்ணோட ஃப்ரெண்டு அனுப்பினது வேலை செய்யாத குப்பையாவே இருக்கலாம், இருந்தாலும் அவ லாகின் போட்டு அதை ட்ரை பண்ண வேண்டாம். அந்த மெசேஜை டெலீட் பண்ணச் சொல்லுங்க, வேற யாருக்கும் ஃபார்வர்டு பண்ணவும் வேண்டாம்.

ஒரு மெயிலோட அடியில இருக்கற குட்டி வரியைப் படிச்சு அர்த்தம் கண்டுபிடிக்கறவங்களும் இருக்காங்க, அதனால இதையும் சொல்லிடறேன். 2014 பிப்ரவரில எம்ஐடி அட்மிஷன்ஸ்ல இருந்து ஃபைனான்சியல் எய்டு பத்தி அப்ளிகன்ட்ஸுக்கு ஒரு மெயில் போச்சு, அடியில நீங்க எம்ஐடில அட்மிட் ஆனதால இந்த மெயில் வருதுன்னு ஒரு வரி தவறுதலா வந்துடுச்சு. எத்தனை குழந்தைங்க ஒரு நாள் முழுக்க அந்த வரியை வச்சுக்கிட்டுத் தவிச்சிருக்கும்! அது வெறும் மெயிலிங் லிஸ்ட் குழப்பம். அதை விடப் பெரிய கொடுமை 2009ல, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியேகோ காம்பஸ் நிராகரிச்ச சுமார் 28,000 பேருக்கும் சேத்து வாழ்த்து மெயில் அனுப்பிடுச்சு. 2014 டிசம்பர்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ், 2015ல கார்னகி மெலன்ல ஒரு மாஸ்டர்ஸ் ப்ரோக்ராம், ரெண்டு இடத்துலயும் இதே மாதிரி தப்பா வரவேற்பு மெயில் போயி அப்புறம் மன்னிப்பு கேட்டாங்க. நேரடியா வாழ்த்துக்கள்னு எழுதி வந்த மெயிலே தப்பா இருந்திருக்கு, இதுல ஒரு லைன் காணாம போனதுக்கு எவ்ளோ மதிப்பு குடுக்கலாம்னு அவளே யோசிக்கட்டும்.

சரி, நிஜமான அறிகுறின்னு சொன்னேனே, அது என்னன்னா லைக்லி லெட்டர் ஒண்ணு. ஐவி காலேஜும் வேற சில காலேஜும் ரொம்ப வேணும்னு நெனைக்கற சிலருக்கு அறிவிப்பு நாளுக்கு முன்னாடியே, நீ படிப்பை இப்படியே வச்சுக்கிட்டா உனக்கு இடம் உண்டுன்னு எழுத்துல அனுப்புவாங்க. ஸ்போர்ட்ஸ் மூலமா எடுக்கற பசங்களுக்கு அக்டோபர்ல இருந்தே போகும், படிப்புக்காக அனுப்பறது பொதுவா பிப்ரவரி, மார்ச்ல, அதுவும் கொஞ்சம் பேருக்கு தான். உங்க பொண்ணு கூடப் படிக்கிற பையனுக்கு வந்தது நிஜமா இருந்தா அவனுக்கு அது கிட்டத்தட்ட அட்மிஷன் தான், மனசார வாழ்த்துங்க. ஆனா வராததுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. இந்தக் காலேஜ்கள்ல சேர்றவங்கள்ல ரொம்பப் பெரும்பான்மை பேர் லைக்லி லெட்டரைக் கண்ணால பாத்ததே இல்ல. அதை அவகிட்ட ஒரு தடவை இல்ல, நாலு தடவை சொல்லுங்க.

அடுத்தது ஸ்காலர்ஷிப் அழைப்பு. பெர்க்லில ரீஜன்ட்ஸ்ங்கற பெரிய ஸ்காலர்ஷிப் தேர்வுக்குக் கூப்பிட்டா நல்ல செய்தின்னே எடுத்துக்கலாம். கூப்பிடலன்னா கெட்ட செய்தி இல்ல, அது ரொம்பச் சின்ன வட்டம். ஆனா சாதாரண அலும்னி இன்டர்வ்யூவை இதோட சேக்காதீங்க. அந்த ஊர்ல ஓய்வா இருக்கற பழைய மாணவர் எத்தனை பேர்ங்கறதைப் பொறுத்து தான் அது வரும். எம்ஐடிக்கு இன்டர்வ்யூ வந்துச்சு, பென்னுக்கு வரலங்கறதை வச்சு ராத்திரி கணக்கு போட வேண்டாம். அட்ரஸ் சரி பாருங்க, மார்ச் மாச வெபினாருக்கு வாங்கன்னு வர்ற மெயிலும் பொதுவா எல்லாருக்கும் போறது தான்.

ஜாதக விஷயத்துல உங்க அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், பேத்தி மேல உள்ள பாசத்துல பாத்திருக்காங்க. ஆனா பதினேழு வயசுக் குழந்தை ஏற்கனவே பேஜ்ல சகுனம் தேடிட்டு இருக்கறப்ப பாட்டியோட வார்த்தை கல்லு மாதிரி மனசுல உக்காந்துடும். அம்மாகிட்ட போன் பண்ணி, இனிமே அவகிட்ட நேரம் காலம் பத்திப் பேச வேண்டாம், ரிசல்ட் எதுவா இருந்தாலும் லீவுக்குத் திருச்சிக்கு வான்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டுக்கோங்க. பாட்டி வாயால அது வந்தா நீங்களும் நானும் பத்து தடவை சொல்றதை விட நல்லா எடுபடும்.

உங்களைப் பத்தியும் பேசணும். நீங்க ஆபீஸ்ல உக்காந்து அவ பாஸ்வேர்டைப் போட்டுப் பாக்கறதை இன்னியோட விட்டுடுங்க, பாஸ்வேர்டை அவளையே மாத்தச் சொல்லுங்க. நீங்க பதட்டமா இருக்கறது அவளுக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க, அம்மாவே தூங்காம பாக்கறாங்கன்னா இது நிஜமாவே உயிர் போற விஷயம் போலன்னு தான் குழந்தை எடுத்துக்கும். எடிசன் மாதிரி நம்ம ஆளுங்க நெறைஞ்ச இடத்துல வீட்டுக்கு வெளில இருந்து வர்ற அழுத்தம் வேற. கோயில்ல பாக்கறவங்க, பாட்டு கிளாஸ் வாசல்ல நிக்கறவங்க, வாட்ஸ்அப் குரூப்ல இருக்கற அத்தை சித்தி எல்லாரும் என்னாச்சு என்னாச்சுன்னு கேப்பாங்க, அவங்க பையனுக்கு எங்க கிடைச்சுதுன்னும் கூடவே சொல்லுவாங்க. எல்லாருக்கும் ஒரே பதில் வச்சுக்கோங்க, ஏப்ரல்ல நாங்களே சொல்றோம்னு. அவ முன்னாடி வச்சு அந்தப் பதிலைச் சொல்லுங்க, அம்மா தனக்கு முன்னாடி நின்னு தடுக்கறாங்கன்னு அவளுக்குத் தெரியணும். ரிசல்ட் அன்னிக்கு ரூம்ல யார் இருக்கணும், தனியா திறக்கணுமா, ஃப்ரெண்டு கூடவா, அதை அவ முடிவு பண்ணட்டும். போனை நீட்டி வீடியோ எடுக்க வேண்டாம்.

போர்ட்டலையே பாக்கக் கூடாதுன்னு சொல்ல மாட்டேன், அது நடக்காது, நடக்கவும் கூடாது. வாரத்துல ரெண்டு நாள், பகல் நேரத்துல, செக்லிஸ்ட்ல ஏதாவது பேப்பர் பாக்கி இருக்கான்னு பாக்கணும். அரையாண்டு மார்க் உள்ள மிட் இயர் ரிப்போர்ட் போயிடுச்சா, எய்டுக்கான சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் ஃபார்ம், டாக்ஸ் பேப்பர் எல்லாம் சேந்துடுச்சா, அது தான் போர்ட்டல்ல படிக்க வேண்டிய நிஜமான தகவல். எய்டு பேப்பர் பாக்கி இருந்தா அட்மிஷன் கிடைச்ச அன்னிக்கு எவ்ளோ கட்டணும்னு தெரியாம நிப்பீங்க, ஏப்ரல்ல அது பெரிய தலைவலி. பிரின்ஸ்டன்ல டெஃபர் ஆனதுக்கு அப்புறம் புதுசா நடந்ததை ஒரு தடவை எழுதி அனுப்பியிருந்தாளா? அனுப்பலன்னா இந்த வாரமே சுருக்கமா அப்டேட் பண்ணட்டும், அனுப்பியிருந்தா மறுபடி வேண்டாம். ராத்திரி முழிச்சு முழிச்சு இந்த செமஸ்டர் மார்க் இறங்கினா தான் உண்மையான நஷ்டம், ஏன்னா கடைசி மார்க் ஷீட் அவ சேரப் போற காலேஜுக்குப் போகும், ரொம்ப இறங்கினா குடுத்த அட்மிஷனையே வாபஸ் வாங்கற உரிமை அவங்களுக்கு இருக்கு, மே மாசம் காலேஜ் லெவல் ஏபி பரீட்சையும் இருக்கு.

ராத்திரி பத்து மணிக்கு மேல லேப்டாப், போன் ரெண்டும் ஹால்ல சார்ஜ் ஆகட்டும், உங்களோடதும் சேத்து. சாப்பாடு, தூக்கம் ரெண்டும் இன்னும் ஒரு வாரம் இப்படியே இருந்தா ஸ்கூல் கவுன்சிலர்கிட்டயும் அவ டாக்டர்கிட்டயும் தயங்காம பேசுங்க. நான் எதுக்கு இருக்கணுங்கற மாதிரி ஒரு வார்த்தை அவ வாயில வந்தா ஒரு வாரம் எல்லாம் காத்திருக்க வேண்டாம், அன்னிக்கே பேசுங்க, 988ங்கற அமெரிக்க மனநல உதவி நம்பருக்கு எந்த நேரத்துலயும் போனோ மெசேஜோ பண்ணலாம்.

உங்க லெட்டர்ல எனக்கு மனசு கஷ்டமான இடம் எதுன்னா ரட்கர்ஸும் பர்டூவும் கிடைச்சிருக்குங்கறதை ஒரே வரில தாண்டிப் போயிட்டீங்க. பர்டூல இஞ்சினியரிங்கோ கம்ப்யூட்டர் சயின்ஸோ கிடைச்சிருந்தா அது எத்தனையோ பேர் ஆசைப்பட்டுக் கிடைக்காத இடம், ரட்கர்ஸ்ல நியூஜெர்சிக்காரங்களுக்கான குறைஞ்ச கட்டணம் வேற. எம்ஐடில 2024ல 28,000க்கும் மேல அப்ளை பண்ணி 1,300க்கும் கம்மியா தான் எடுத்தாங்க, அதுல கிடைக்காதது அவ படிப்பைப் பத்தின தீர்ப்பு இல்ல. இந்த சனிக்கிழமை ஒரு நாள் ரட்கர்ஸுக்கு கூட்டிட்டுப் போங்க, எடிசன்ல இருந்து பக்கம் தானே, காலேஜ் அவென்யூல நடங்க, புஷ் காம்பஸையும் சுத்திப் பாருங்க, அங்க படிக்கற பசங்ககிட்ட ப்ரொஃபசர் எப்படி, இன்டர்ன்ஷிப் எப்படின்னு அவளே கேக்கட்டும். கையில இருக்கற சீட்டை அவ கண்ணால பாத்தா தான் அது நிஜம்னு தெரியும்.

கடைசியா, போன் பண்ணிக் கேக்கலாமான்னு கேட்டீங்க. அட்மிஷன் ஆபீஸுக்குப் பண்ண வேண்டாம், தேதிக்கு முன்னாடி யார் கேட்டாலும் முடிவைச் சொல்ல மாட்டாங்க, போனை எடுக்கறவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கவும் செய்யாது. ஃபைனான்சியல் எய்டு ஆபீஸுக்குத் தாராளமா பண்ணுங்க, ரட்கர்ஸ், பர்டூ ரெண்டுக்கும். ஸ்காலர்ஷிப் எப்ப முடிவாகும், வருஷத்துக்கு மொத்தம் எவ்ளோ வரும், டெபாசிட் மே 1க்குள்ள கட்டினா போதுமா, ஹாஸ்டலுக்கு அதுக்கு முன்னாடியே பதிவு பண்ணணுமான்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க. இந்தக் கேள்விகளுக்கு அவங்ககிட்ட இன்னிக்கே பதில் இருக்கும்.